பெருங்காயம் இல்லாத விருந்து

போன் அலறியது.

கோதண்டம் எடுக்கவில்லை. எடுக்கும் நிலையில் அவர் இல்லை.

கொல்லைப்புறத்தில், இடுப்பில் ஈர வேட்டியோடு, தெற்கே பார்த்து உட்கார்ந்து, செத்துப்போன தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி தமிழ்வாணன் செத்தது பென்னலூரில் ஒருவருக்கும் தெரியாது. போலீசுக்குத் தெரியாது. தம்பி மனைவிக்கும் தெரியாது.

கொன்றவருக்கு மட்டும் தெரியும்.

அவர்தான் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க... மெட்ராஸ்லேர்ந்து மூர்த்தி சாரு லைன்ல கீறாரு. அங்க இன்னா பண்றீங்க?" மனைவி ஜெயலட்சுமி சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

"மழ தூறிகினு கீது. செடிக்கு இன்னாத்துக்குத் தண்ணி?"

கோதண்டம் எழுந்து போனார். ஈரம் சொட்டச் சொட்ட ரிசீவரை எடுத்தார்.

"கோதண்டம்... கார்டுல டின்னர்னு போட்டிருக்கீங்க. டைம் பன்னண்டுன்னு இருக்கு. ராத்திரி பன்னண்டா?"

"மத்தியானம் சார்."

"டின்னர் எப்படி சார் மத்தியானம்?"

"அந்தக் காலத்துல டின்னரை மத்தியானந்தான் சாப்ட்டாங்க சார்."

"அப்படியா... வினோதினி கேட்டா சந்தோஷப்படுவா. வந்துடறோம்."

கோதண்டம் ரிசீவரை வைத்துவிட்டு மூச்சு விட்டார். திதியை ராத்திரியில் கொடுக்க முடியாது. இதைப் போனில் சொல்லவும் முடியாது.

மூர்த்தி ஒரு பெரிய ஸ்கூட்டர் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். கோதண்டத்தின் பிரஸ் ஷாப்பில் இரும்புத் தகட்டில் அடிக்கிற பிராக்கெட்டுகளை வாங்குபவர். அவர் மனைவி வினோதினிக்குப் பழைய புடவை, பழைய பாத்திரம், பழைய சமையல் என்றால் உயிர். புருஷனைத் தவிர மற்றதெல்லாம் பழசாக இருக்க வேண்டும் என்பாள். புருஷனும் ஆகிக்கொண்டிருந்தார்.

முன்கதை சின்னது.

போன வருஷம் ஐப்பசி. ஷெட் போட நிலம் வேண்டும். பூர்வீக நிலம். தமிழ்வாணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். கோதண்டம் கெஞ்சினார். மிரட்டினார். பிறகு பேச்சையே விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம். படப்பைக்கு மேற்கே ஒரு கைவிட்ட கல்குவாரி. ஜல்லிக் காண்ட்ராக்டர் கன்னியப்பனோடு ஏதோ தகராறு. அதைப் பேசித் தீர்க்க வந்து, ஆள் வராமல், விளிம்பில் தனியாக நின்றான் தம்பி.

பின்னால் ஓர் இரும்புத் தடி.

ஒரே அடி.

கீழே பச்சைத் தண்ணீர். 'தொளக்'கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"பம்பாய்க்கு ஓடிட்டான்... எவளோடயோ." ஊருக்கு இப்படிச் சொன்னார். ஊர் உடனே நம்பியது. நல்ல செய்தியாக இருந்தால் விசாரித்திருக்கும்.

தம்பியின் கையெழுத்தை அவரே போட்டுக்கொண்டார். ஷெட் எழும்பியது. சனியனும் கூடவே எழும்பியது. பிரஸ் மெஷின் ஓர் ஆபரேட்டரின் விரலைத் தின்றது. சரக்கு ஏற்றிப் போன லாரி ஒரகடம் தாண்டிக் கவிழ்ந்தது. அதெல்லாம் போகட்டும்...

காலையில் எழுந்தால் கட்டில் பக்கத்தில் தரை ஈரம்.

மேலே ஓட்டை இல்லை. பக்கத்தில் குடம் இல்லை. ஈரம் மட்டும்.

சசிரேகாதான் வழி சொன்னாள். தமிழ்வாணனின் மனைவி. அதே வீட்டின் பின்கட்டில் இருந்தாள். "மாமா, வல்லக்கோட்டைல ஒரு ஜோசியர் கீறாராம். ஒரு தபா போய்ப் பாருங்க. ஒங்க மூஞ்சே இருண்டு கெடக்குது."

ஜோசியர் சோழியை உருட்டினார். கண்ணை மூடினார்.

"வூட்ல ஒரு ஆத்மா பசியோட நிக்கிது. திதி குடு. நாலு நல்ல மனுசங்கள ஒக்கார வெச்சி சோறு போடு. இல்லாங்காட்டி ஒன்னையும் கையோட இட்டுகினு பூடும்."

"யாரு ஆத்மா சாமி?"

"அது ஒனக்குத் தெரியும்."

கோதண்டம் தட்சணையை வைத்துவிட்டு எழுந்தார்.

பம்பாயில் குடித்தனம் நடத்தும் ஒருவனுக்குப் பென்னலூரில் எப்படித் திதி கொடுப்பது? யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

வினோதினி வந்து காப்பாற்றினாள். கம்பெனி விழா ஒன்றில் சொன்னாள். "மெட்ராஸ்ல இப்ப இதுதான் சார் ஃபேஷன். பழைய காலத்து விருந்து. அவங்கவங்க ஃபேமிலி ரெசிப்பி. பித்தளைப் பாத்திரம், மணைப்பலகை, லாந்தர் விளக்கு..."

கோதண்டத்தின் மண்டைக்குள் அந்த லாந்தர் எரிந்தது.

'கொள்ளுத் தாத்தா காலத்துச் சமையல்' என்று கார்டு அடித்தார். கொள்ளுத் தாத்தா உயிரோடிருந்தவரை கேழ்வரகுக் கூழைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை. அதை யார் தோண்டப் போகிறார்கள்?

மூர்த்தி தம்பதியைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கனையும் கூப்பிட்டார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் சுற்று வட்டாரத்தில் போலீஸ் வந்து விசாரிக்காத வீடு இல்லை. விசாரிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனால் அது தனி கௌரவம்.

இன்று ஒரு நாள். சாப்பாடு முடிந்து அவர்கள் கை கழுவிவிட்டால் போதும். ஆத்மா அடங்கிவிடும். எவனுக்கும் சந்தேகம் வரக்கூடாது. வந்தால் தூக்குக் கயிறு.

சமையலறையில் ஜெயலட்சுமி கரண்டியை ஓங்கி வைத்தாள்.

"இன்னாங்க இது? வெங்காயம் இல்ல. பூண்டு இல்ல. மொளகா இல்ல. வாழக்கா, பாவக்கா, பெரண்டத் தொவையலு, எள்ளுருண்ட... சாவு வூட்டு சமையலாட்டம் கீது."

"மொளகா வெள்ளக்காரன் கொண்டாந்தது. உருளக்கெழங்கும் அவந்தான். தக்காளியும் அவந்தான். இது அவனுக்கு முந்தின சமையல். அதான் தீமு."

"சரி. பெருங்காயம்?"

"ஆப்கானிஸ்தான்லேர்ந்து வர்து. அதும் வெளிநாடு."

ஜெயலட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "போன வாரம் மாடில ஒக்காந்து குடிச்சியே... அது எந்தூரு?"

மரியாதை குறைந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இருபது வருஷ அனுபவம். கோதண்டம் நிறுத்திக்கொண்டார்.

சசிரேகா குனிந்த தலை நிமிராமல் வடை தட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அந்தப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் கோதண்டத்துக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும்.

கொஞ்சம்தான்.

பன்னிரண்டு மணிக்கு மூர்த்தியின் கார் வந்தது. பின்னாலேயே ஜீப்.

வினோதினி ஒட்டியாணம், வங்கி, நாகொத்து என்று நகைக்கடை போல இறங்கினாள். மூர்த்தி டையோடு இறங்கினார். அவரைக் கேட்காமலே அவருக்கு ஓர் அங்கவஸ்திரம் சுற்றப்பட்டிருந்தது. பாண்டுரங்கன் யூனிபாரத்தில் வந்தார். மீசைக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாத முகம்.

பட்டப்பகலில் ஆறு லாந்தர் எரிந்தது. வினோதினிக்கு மூச்சு முட்டியது. "வாவ்... ஆனா சார், வாசல்ல கோலமே இல்லையே?"

திதி நாளில் கோலம் கிடையாது.

"அந்தக் காலத்துல... வெளி ஆளுங்க வந்தா கோலம் போட மாட்டாங்க மேடம். மிதிச்சிடுவாங்கன்னு."

"ஓ... எவ்வளவு அழகான பழக்கம்."

பாண்டுரங்கன் வாசலைப் பார்த்தார். கோதண்டத்தைப் பார்த்தார். "எங்க வூட்ல தெனம் போடறாங்க மொதலாளி. நாந்தான் மிதிக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டம் அரை விநாடி தாமதமாகச் சிரித்தார்.

இலை போட்டாயிற்று. மூர்த்தி மணைப்பலகையில் உட்காருவதற்குள் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வினோதினி போட்டோ எடுத்தாள். சசிரேகா பரிமாறினாள்.

மூர்த்தி வடையை எடுத்தார்.

"சார்... ஒரு நிமிசம். காக்காய்க்கு வெக்கணும்."

கோதண்டம் மதில் மேல் சோற்றுருண்டையும் ஒரு வடையும் வைத்தார். "கா... கா..."

காக்கை வரவில்லை.

வேப்ப மரத்தில் உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை.

"கா... கா..."

ஆத்மாவுக்குக் கோபம். தீரவில்லை. உள்ளே மூர்த்தியின் வயிறு இரைந்தது. வாசற்படி வரை கேட்டது.

"சார், காக்காவும் தீம்ல வருதா?" வினோதினி கேமராவோடு வெளியே வந்தாள்.

"வரும் மேடம்... கா... வாப்பா... வந்துடுப்பா... பழச மனசுல வெச்சிக்காத..."

பின்னால் யாரோ கனைத்தார்கள். பாண்டுரங்கன்.

"காக்காகிட்ட இன்னா மொதலாளி பழைய பாக்கி?"

அதற்குள் காக்கை இறங்கியது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. காக்கைக்கு ஆத்மா எல்லாம் தெரியாது. பசி தெரியும்.

கோதண்டத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"புகை சார்... லாந்தர் புகை."

"லாந்தரு உள்ள எரியிது," என்றார் பாண்டுரங்கன்.

சாப்பாடு அமோகமாக நடந்தது. வினோதினி ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினாள். "இந்த மிளகு... இந்த எள்ளு... எல்லாத்திலயும் ஒரு சோகம் இருக்கு சார். அதான் அந்தக் காலம்." மூர்த்தி எதிலும் காரம் இல்லை என்று மனைவியிடம் முணுமுணுத்து, ஒரு பார்வை வாங்கிக்கொண்டு, பாகற்காயை விழுங்கினார். இன்ஸ்பெக்டர் பேசாமல் சாப்பிட்டார். இரண்டு தரம் பாயசம் வாங்கினார்.

"நீங்க ஒக்காரலயா?" மூர்த்தி கேட்டார்.

"அந்தக் காலத்துல வூட்டுக்காரன் கடைசியாத்தான் சார்."

"அந்தக் காலத்துல வீட்டுக்காரனா பொறந்திருக்கவே கூடாது போலருக்கே."

கை கழுவினார்கள். கோதண்டத்தின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இனி ஒன்றே ஒன்று பாக்கி. தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு வேட்டி, ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு.

"செருப்பா?" என்றார் மூர்த்தி. "சைஸ் எப்படித் தெரியும்?"

"தானத்துக்கு சைஸ் பாக்கமாட்டாங்க சார்... பரிசு. பரிசுன்னேன்."

பாண்டுரங்கன் குடையை விரித்துப் பார்த்தார். வீட்டுக்குள்ளே. மடக்கினார்.

"நல்ல சாப்பாடு மொதலாளி. ஒரு சின்ன டவுட்டு."

"கேளுங்க சார்."

"செவ்வாக்கெழம ஏன்? மூர்த்தி சாரு லீவு போட்டு வந்துகீறாரு. ஞாயித்துக்கெழம வெச்சிருந்தா எல்லாருக்கும் சவுரியமா இருந்திருக்குமே."

"ஜோசியர் குறிச்ச நாளு சார்."

"எந்த ஜோசியரு?"

"வல்லக்கோட்டைல... வெத்தல போட்டுகினு, ஒத்தக் கடுக்கன்..."

"அவரா?" பாண்டுரங்கன் செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. "அவரு நாளே குறிக்கலியே. திதி குடுன்னு மட்டுந்தான சொன்னாரு."

மூர்த்தி கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்கு... எப்டி..."

"அவரு என் மாமனாரு, மொதலாளி. நாந்தான் சொல்லச் சொன்னேன்."

கோதண்டம் தாம்பாளத்தைக் கீழே வைக்கப் போனார். வெற்றிலை சரிந்தது.

"இதே வார்த்தைய ஜல்லிக் காண்ட்ராக்டரு கன்னியப்பன்கிட்டயும் சொன்னாரு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'எங்க வூட்ல பசியோட இருக்கறது வெரதம் இருக்கற எம்பொண்டாட்டி ஒருத்திதான், அவளுக்கு நான் திதி குடுத்தா எனக்கு அவ குடுப்பா'ன்னு சிரிச்சிகினே போய்ட்டான். நீங்க சிரிக்கல. 'அது ஒனக்குத் தெரியும்'னதும் 'எனக்குத் தெரியாது'ன்னும் சொல்லல. நேரா வந்து எலைக்கு ஆர்டர் குடுத்தீங்க. நாளும் நீங்களே பாத்தீங்க. ஐப்பசி, தேய்பிறை சஷ்டி." அவர் குரல் உயரவில்லை. "போன வருசம் இதே திதியில குவாரியில இன்னா நடந்தது மொதலாளி?"

"எந்தக் குவாரி? என் தம்பி பம்பாய்ல கீறான். எவனைக் கேட்டாலும் சொல்லுவான்."

"கட்டில் கிட்ட ஈரம் இருந்துச்சே மாமா." சசிரேகா பரிமாறிய பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். "தெனம் ஒரு சொம்பு தண்ணி. நாந்தான் ஊத்துனேன். ஒண்ணுமே பண்ணாதவரா இருந்தா, எவ ஊத்துனதுன்னு அன்னிக்கே சத்தம் போட்டிருப்பீங்க. நீங்க தொடச்சிட்டுக் கம்முனு இருந்தீங்க."

ஜெயலட்சுமி சமையலறை வாசலில் நின்றாள். கையில் கரண்டி.

"யோவ்... ஒன் தம்பி திதிக்கா என்னை வட சுட வெச்ச?"

"ஏய், நீ சும்மா இரு. எல்லாம் கட்டுக்கத..." கோதண்டம் நிமிர்ந்து நின்றார். குரலைத் திரட்டினார். "சார், நீங்க இன்ஸ்பெக்டரா இருக்கலாம். நான் விருந்து வெச்சேன். கோலம் போடல. பெருங்காயம் போடல. அதுக்கு எந்த செக்சன்ல கேஸ் போடுவீங்க? பொணம் எங்க? சாட்சி எங்க?"

நல்ல கேள்வி. பாண்டுரங்கன் ஒப்புக்கொள்வது போலத் தலையாட்டினார்.

"பொணம் இல்ல மொதலாளி. அதான் கேஸ்ல பெரிய வீக்னஸ்."

சசிரேகா வாசலுக்குப் போனாள். ஜீப்பின் பின்பக்கத் தார்ப்பாயைத் தட்டினாள்.

"வாங்க."

ஒருவன் இறங்கினான். மழைத் தூறலில் நனைந்துகொண்டே நடந்து வந்தான். ஒல்லியாக. லேசாகக் காலைச் சாய்த்து. தலையின் பின்பக்கம் முடி முளைக்காத ஒரு நீளத் தழும்பு.

தமிழ்வாணன்.

வினோதினி கை தட்டினாள். "சார்... டிராமாவும் உண்டா?"

"கம்முனு இரு," என்றார் மூர்த்தி. கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறையாக.

கோதண்டம் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். கால் தரையில் பட்டிருந்தது. சேறு ஒட்டியிருந்தது. அவன் நடந்து வந்த இடமெல்லாம் அழுக்குத் தடம்.

"நீ... பேய் இல்லியா?"

"இல்லண்ணா. ஓசூர் பேக்டரில பி ஷிப்ட்டு." தமிழ்வாணன் தோளில் இருந்த துண்டால் தலையைத் துடைத்தான். "பாறைல மாட்டிகினு கெடந்தேன். ஏறி வந்து இவகிட்ட சொன்னேன். அடிச்சது நீயா, கன்னியப்பனான்னு தெரியல. தெரியாம வூட்டுக்கு வந்தா ரெண்டாந்தபா அடிப்பாங்கன்னு இவதான் என்னை ஓசூருக்கு அனுப்பி வெச்சிட்டு இன்ஸ்பெக்டர்கிட்ட போனா."

கோதண்டத்துக்கு அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் ஏறியது. பேய் இல்லை. ஆத்மா இல்லை. ஒரு வருஷமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. ஓடிப் போய்த் தம்பியின் தோளைப் பிடித்தார். உலுக்கினார். உடம்பு. சூடு. எலும்பு.

"அப்பாடா... டேய்... நெஞ்சுல பால வார்த்தடா. ஒரு வருசமாத் தூக்கம் இல்லடா எனக்கு. அந்தத் தடி எம்மாங்கனம்... நான் அடிச்ச அடிக்கு நீ அப்பவே பூட்டன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்..."

நிறுத்தினார்.

லாந்தர்கள் எரிந்துகொண்டிருந்தன. ஜெயலட்சுமியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

கோதண்டம் மெல்லத் தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். மூர்த்தி. வினோதினி. சசிரேகா. மனைவி. எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

"சாட்சி எங்கன்னு கேட்டீங்களே," என்றார் பாண்டுரங்கன். "வயித்துக்கு சோறும் போட்டு நீங்களே ஒக்கார வெச்சிகீறீங்க."

கோதண்டம் இலைகளைப் பார்த்தார். மூன்று எச்சில் இலை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தொப்பியை மாட்டினார். தானம் வாங்கிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பூட்சைப் போட்டுக்கொண்டார்.

"பேய்க்குப் பயந்து போலீசுக்கு எலை போட்ட மொத ஆளு நீங்கதான் மொதலாளி. வாங்க... ஜீப்புல முன்சீட்டு ஒங்களுக்குத்தான்."